காணா மூலகங்களும் கணித்த இயல்புகளும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பொருளின் தன்மையை அறிய விரும்புவோன் அப்பொருளைக் கையிலெடுத்துப் பார்ப்பான், நிறுப்பான், சூடேற்றுவான், அமிலத்திலிட்டு நோக்குவான். இரசாயனவியல் என்னும் பெருந்துறை இவ்வெளிய செயல்களிலிருந்தே வளர்ந்தது. ஆனால், இன்றைய ஆவர்த்தன அட்டவணையின் ஏழாம் வரிசையின் இறுதியில், 118ஆம் இடத்தில், ஒகனெசன் என்றொரு மூலகம் எழுதப்பட்டுள்ளது. அதனை எவரும் கண்ணாற் கண்டதில்லை, நிறுத்ததுமில்லை. ருஷ்யாவின் டுப்னா நகரத்து ஆய்வுகூடத்தில் 2002ஆம் ஆண்டு முதன்முதலாக உண்டாக்கப்பட்டதிலிருந்து இன்றுவரை தோன்றிய அதன் அணுக்களை இரு கைவிரல்களால் எண்ணி முடித்துவிடலாம். அவ்வணுக்களின் அரைவாழ்வு ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கினும் குறைவு. அவ்வாறிருந்தும், அம்மூலகம் போதியளவு கிடைக்குமாயின் அறை வெப்பநிலையில் அது திண்மமாக இருக்கும் என்றும், ஏறத்தாழ 52 பாகை செல்சியசில் உருகும் என்றும் 2020ஆம் ஆண்டில் ஆய்வாளர் கணித்து வெளியிட்டனர்.

இல்லாத பொருளொன்றின் உருகுநிலையை ஒருவர் எவ்வாறு கூறுதல் கூடும்? இக்கேள்வி விஞ்ஞான பீடத்து மாணவர்க்கு மட்டும் உரியதன்று. கலைப்பீடத்தில் வரலாறு பயிலும் எம்மனோர்க்கும் இது மிக நெருங்கிய கேள்வியே. சிதைந்துபோன சாசனமொன்றின் ஈரடிகளைக் கொண்டு ஓர் அரசனது ஆட்சியைப் பற்றி எழுத முற்படுவோர் நாம். எச்சான்று எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பது இரு துறைகளுக்கும் பொதுவான வினாவாகும். எனவே, கணிதத்தின் நுட்பங்களை அத்துறை வல்லாரிடம் விட்டுவிட்டு, எதிர்வுகூறல்களின் வரலாற்றை மட்டும் இக்கட்டுரை நோக்க முயல்கின்றது. பலித்த எதிர்வுகூறல்களை எல்லா நூல்களும் எடுத்துரைக்கின்றன. பொய்த்தவற்றிற்கு இங்கு சற்றுக் கூடுதலாக இடமளிக்கப்பட்டிருப்பது வேண்டுமென்றே செய்யப்பட்டதாகும்.

1869ஆம் ஆண்டில் ருஷ்ய நாட்டு அறிஞர் மெண்டலீவ் தாம் அறிந்த மூலகங்களை அணுநிறை வரிசையில் நிறுத்தி, ஒத்த இயல்புடையவை ஒன்றன்கீழ் ஒன்றாக அமையுமாறு அட்டவணையொன்றை வகுத்தார். பொருந்தாத இடங்களை வெற்றிடமாக விட்டார் என்பதிலேயே அவரது பெருமை தங்கியுள்ளது. 1871இல் அவ்வெற்றிடங்கள் மூன்றிற்கு உரியவற்றின் இயல்புகளை விரிவாக எழுதிவைத்தார். அவற்றிற்கு அவர் இட்ட பெயர்கள் ஏகபோரன், ஏகஅலுமினியம், ஏகசிலிக்கன் என்பன. ‘ஏக’ என்பது வடமொழி எண்ணுப்பெயர் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அலுமினியத்திற்கு அடுத்து ஓரிடம் தள்ளி நிற்பது ஏகஅலுமினியம் என்றவாறு.

அவர் கையாண்ட முறை வியப்புக்குரிய அளவு எளிமையானது. ஒரு மூலகத்தின் மேலும் கீழும் இடமும் வலமும் நிற்கும் நான்கு அயலவரின் இயல்புகளைக் கூட்டிச் சராசரி காண்பதே அம்முறை. செலீனியத்தை எடுத்துக்கொண்டால், மேலே கந்தகம் 32, கீழே தெலூரியம் அவர் கொண்ட கணக்கின்படி 125, இடப்புறம் ஆசனிக்கு 75, வலப்புறம் புரோமின் 80. கூட்டி நாலால் வகுக்க 78 வருகின்றது. செலீனியத்தின் அணுநிறை 79. ஊரில் ஒருவனது குணத்தை அவனைச் சுற்றியுள்ள நான்கு வீட்டாரைக் கொண்டு மதிப்பிடுவது போன்றதே இது.

1875இல் பிரான்சு நாட்டு இலக்கொக் டி புவாபோதரான் கல்லியத்தைக் கண்டுபிடித்தார். அதன் அடர்த்தியை அவர் 4.7 என அளந்து வெளியிட்டபோது, அம்மூலகத்தை ஒருபோதும் கண்டிராத மெண்டலீவ், அளவீடு தவறு, 5.9 அளவில் இருத்தல் வேண்டும் என எழுதினார். மாதிரியை மேலும் தூய்மையாக்கி மீண்டும் அளந்தபோது 5.9 என்றே வந்தது. கையிற் பொருளை வைத்திருந்தவன் பிழைபடக் கடதாசியிற் கணக்கிட்டவன் சரியாயினான். 1879இல் நில்சன் கண்ட இசுக்காந்தியம் ஏகபோரனாகவும், 1886இல் விங்கிளர் கண்ட சேர்மானியம் ஏகசிலிக்கனாகவும் அமைந்தன. ஏகசிலிக்கனின் அணுநிறை 72 என்றும், அதன் குளோரைட்டு 100 பாகைக்குக் கீழே கொதிக்கும் திரவம் என்றும் அவர் கூறியிருந்தமை பெரும்பாலும் அவ்வாறே பலித்தது.

ஆயினும், இதே மெண்டலீவ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐதரசனிலும் இலேசான மூலகங்கள் உள என்றும், அண்டவெளியை நிரப்பும் ஈதர் அவற்றுளொன்று என்றும் கூறினார் என்பதை நாம் மறத்தலாகாது. அவ்வாறானவை எவையும் இல்லை. அயலவர் நால்வர் உள்ள இடத்திற் செம்மையாக வேலைசெய்த முறை, அயலவர் அற்ற எல்லைக்கு அப்பால் வெறும் ஊகமாயிற்று. அட்டவணையின் மேல் எல்லையில் நிகழ்ந்த இவ்விடர் பின்னர் கீழ் எல்லையிலும் நிகழ்ந்தது.

அதற்கு முன்னர் ஒரு சிறு செய்தி. 1895இல் தென்மார்க்கு இரசாயனவியலாளர் யூலியசு தொம்சன், சடத்துவ வாயுக்களின் கூட்டம் எவ்வாறு அமையும் என ஊகித்து அவற்றின் அணுநிறைகளை வரிசையாக எழுதினார். ஆகன் அப்போதுதான் அறியப்பட்டிருந்தது. நியோன், கிரிப்தன், செனன் எவையும் கண்டுபிடிக்கப்படவில்லை. அவரது வரிசையின் இறுதியில் 292 என்றோர் எண் நிற்கின்றது. 2002இல் டுப்னாவிற் பிறந்த ஒகனெசனின் திணிவெண் 294. ஒரு நூற்றாண்டுக்கு மேலான இடைவெளியில் இவ்விரு எண்களும் இத்துணை நெருங்கி நிற்பதில் தற்செயலுக்கும் பங்குண்டு என்பதே எமது கருத்து. எனினும் அட்டவணையின் ஒழுங்கு எவ்வளவு தூரம் நீளக்கூடியது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

1913ஆம் ஆண்டில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஆங்கிலேயராகிய மோசிலி, மூலகங்கள் வெளிவிடும் எக்சு கதிர்களை ஆராய்ந்து, அட்டவணையை ஒழுங்குபடுத்துவது அணுநிறையன்று, அணுவெண்ணே என நிறுவத் தொடங்கினார். இருபத்தேழு வயதில், 1915இல், கலிப்பொலிப் போர்க்களத்தில் அவர் மாண்டது விஞ்ஞான வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்று. அதே 1913இல் நீல்சு போர் தமது அணுக்கொள்கையை வெளியிட்டார். இலத்திரன்கள் ஓடுகளாக அமைகின்றன என்றும், மிக வெளியோட்டின் அமைப்பே இரசாயன இயல்பைத் தீர்மானிக்கின்றது என்றும் இக்கொள்கை வளர்ந்தபோது, எதிர்வுகூறல் சராசரிக் கணக்கிலிருந்து காரணங் கூறும் நிலைக்கு உயர்ந்தது. அப்போது 72ஆம் மூலகம் காணப்படவில்லை. அது அருமண் மூலகங்களுள் ஒன்று எனப் பலர் தேடினர். அருமண் வரிசை 71உடன் நிறைவுறுகின்றது, ஆகவே 72 சேர்க்கோனியத்தை ஒத்திருத்தல் வேண்டும் என்றார் போர். கோப்பன்கேகனில் கொசுத்தரும் கெவெசியும் சேர்க்கோனியக் கனிப்பொருள்களிலேயே அதனைத் தேடிக் கண்டனர். 1922 டிசெம்பரில் போர் தமது நோபல் பரிசுச் சொற்பொழிவிலேயே அச்செய்தியை அறிவிக்கக்கூடியதாயிற்று. அம்மூலகமே ஆபினியம்.

இனி, பொய்த்த கதைக்கு வருவோம். 1934இல் உரோமாபுரியில் என்றிக்கோ பேர்மியும் அவர் குழுவினரும் யுரேனியத்தின்மீது நியூத்திரன்களைச் செலுத்தினர். புதிய கதிர்த்தொழிற்பாடு தோன்றியது. யுரேனியம் 92, ஆகவே 93ஆம் மூலகம் உண்டாகியிருத்தல் கூடும். அன்றைய அட்டவணையில் தோரியம், புரொத்தத்தினியம், யுரேனியம் ஆகியவை முறையே ஆபினியம், தந்தலம், தங்குதன் ஆகியவற்றின் கீழ் எழுதப்பட்டிருந்தன. அவ்வரிசைப்படி 93 என்பது இரேனியத்தின் கீழ் வரும், அதாவது ஏகஇரேனியம். புதிய பொருள் இரேனியக் கூட்டத்தைச் சேர்ந்த மங்கனீசின் சேர்வையுடன் சேர்ந்து வீழ்படிவாகியது. யுரேனியத்துக்கு அண்மையிலுள்ள அறிந்த மூலகங்களையும் அவர்கள் ஒவ்வொன்றாக விலக்கினர். எதிர்பார்த்தது கிடைத்துவிட்டது! 93இற்கும் 94இற்கும் பெயர்கள்கூட இடப்பட்டன. ஜேர்மன் இரசாயனவியலாளரான இடா நொடாக் அம்மையார் மட்டும் அவ்வாண்டிலேயே எதிர்த்து எழுதினார்: அயலிலுள்ள மூலகங்களை மட்டும் விலக்கினாற் போதாது, எல்லா மூலகங்களையும் விலக்கிப் பார்த்தல் வேண்டும்; யுரேனியக் கரு பெருந்துண்டுகளாக உடைந்திருத்தலும் கூடும் என்பது அவர் வாதம். அவர் சொல்லைக் கேட்டார் இலர். அவரும் பரிசோதனை செய்து காட்டினாரல்லர்.

1938 டிசெம்பரில் பேர்லினில் ஒட்டோ கானும் சுத்திராசுமனும் யுரேனிய விளைவுகளில் பேரியம் இருக்கக் கண்டனர். நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்திருந்த இலிசே மைத்னர் அம்மையாரும் அவர் மருமகன் பிரிசும் கரு பிளவுபட்டதென 1939இல் விளக்கினர். பேர்மி கண்ட ‘புதிய மூலகங்கள்’ பெரும்பாலும் பழைய மூலகங்களின் துண்டுகளே. கருப்பிளவு நான்கு ஆண்டுகள் அவர்கள் கண்முன்னே கிடந்தும் காணப்படாமற் போனதற்கு அட்டவணையின் வடிவம் ஒரு முக்கிய காரணமாயிற்று. 1934இலேயே அது அறியப்பட்டிருந்தால், அணுகுண்டு எந்நாட்டின் கையில் முதலிற் சேர்ந்திருக்கும் என்று எண்ணும்போது உள்ளம் நடுங்குகின்றது. தவறான எதிர்வுகூறலொன்று உலகுக்கு நன்மை செய்ததா என்பது வரலாற்று மாணவர் தீர்த்துவைக்கக் கூடிய வினாவன்று.

இவ்விடத்தில் எமது தீவோடு தொடர்புடைய ஒன்றைக் குறிப்பிடாது செல்ல மனமில்லை. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி கனிப்பொருளாய்வுப் பணிப்பாளராக இருந்த காலத்தில் இலங்கையிற் கண்டெடுக்கப்பட்ட கனிப்பொருளொன்று 1904இல் தோரியனைற்று எனப் பெயர்பெற்றது. 1905இல், இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்திற்கு வந்த இளைஞர் ஒட்டோ கான், அவ்விலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெறப்பட்ட பொருளை ஆராய்ந்தே இரேடியோதோரியத்தைக் கண்டு கதிர்த்தொழிற்பாட்டுத் துறைக்குள் நுழைந்தார். பேரியத்தை இனங்கண்ட கையின் முதற் பயிற்சி எமது மண்ணிற் கிடைத்த கல்லிலே தொடங்கியது.

உண்மையான 93ஆம் மூலகமாகிய நெத்தூனியத்தை 1940இல் பேர்க்லியில் மக்மில்லனும் ஏபல்சனும் கண்டனர். அது இரேனியத்தை ஒத்திருக்கவில்லை, யுரேனியத்தை ஒத்திருந்தது. புளூத்தோனியமும் அவ்வாறே. 95ஐயும் 96ஐயும் அதே போக்கிற் பிரித்தெடுக்க முயன்றபோது அவை அகப்படவில்லை. 1944இல் கிளென் சீபோக், அட்டவணையே பிழையாக வரையப்பட்டுள்ளது எனத் துணிந்தார். அத்தினியத்தை அடுத்து வருவன யாவும் அருமண் வரிசையைப் போன்ற மற்றொரு வரிசை. அவை அட்டவணையின் உடலினின்று கீழே இறக்கப்படல் வேண்டும் என்றார். இதனை வெளியிட்டால் உமது பெயர் கெட்டுவிடும் என நண்பர் எச்சரித்ததாகவும், கெடுவதற்குத் தமக்கு அப்போது பெயரேதும் இருக்கவில்லை என்றும் அவர் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அக்கருத்தைக் கொண்டு தேடியதும் 95உம் 96உம் அகப்பட்டன. அக்கருத்தின்படி 103உடன் வரிசை முடிவுற்று, 104 ஆபினியத்தின் கீழ் வருதல் வேண்டும். 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் டுப்னாவிலும் பேர்க்லியிலும் ஒரு சில அணுக்களைக் கொண்டு நடாத்திய சோதனைகள் அவ்வாறே காட்டின.

இங்கே வேறொரு தடை எழுந்தது. அணுவெண் உயர உயர, புரோத்தன்களுக்கிடையேயான தள்ளுகை மிகுந்து கரு தானாகவே பிளந்துவிடும். கருவைத் திரவத்துளியாகக் கொண்ட பழைய கொள்கையின்படி, நூற்றுக்குச் சற்று மேலே மூலக உலகம் முடிவடைதல் வேண்டும். ஆனால் 1949இல் மரியா கோப்பெட்-மாயர் அம்மையாரும், அவரிற் சாராது ஜேர்மனியில் யென்சனும், கருவினுள்ளும் ஓடுகள் உண்டு என நிறுவினர். 2, 8, 20, 28, 50, 82, 126 ஆகிய எண்ணிக்கைகளில் ஓடு நிறையும்போது கரு சிறப்பான உறுதி பெறுகின்றது. இவற்றை ‘மாய எண்கள்’ என்பர். 1963இல் இருவரும் நோபல் பரிசிற் பங்குபெற்றனர். அடுத்த மாய எண்கள் யாவை? 1960களின் நடுப்பகுதியில் பல கணிப்புகள் புரோத்தன் 114, நியூத்திரன் 184 எனக் காட்டின. உறுதியற்ற கருக்களென்னும் கடலின் நடுவே ஓர் ‘உறுதித் தீவு’ உண்டென்னும் எண்ணம் இவ்வாறே பிறந்தது. அத்தீவின் வாசிகள் சிலருக்கு ஆயுள் மில்லியன் ஆண்டுகள் எனவும் சிலர் கணித்தனர்.

அத்துணை நீண்ட ஆயுளுடையன இயற்கையிலும் எஞ்சியிருக்கலாமன்றோ? பாறைகளிலும் விண்கற்களிலும் தேடினர். 1976இல் மடகசுகார் மோனசைற்றுக் கனிப்பொருளில் காணப்பட்ட பெரிய கதிர்வீச்சு வளையங்களில் 116, 126 முதலிய மூலகங்களின் சான்று உள்ளதென ஒரு குழு அறிவித்து உலகையே பரபரப்பாக்கியது. சிறிது காலத்திற்குள் பிற ஆய்வுகள் அதனை மறுத்துவிட்டன. 1999இல் பேர்க்லியில் நிகழ்ந்தது இதனினும் பாரதூரமானது. ஈயத்தின்மீது கிரிப்தனைச் செலுத்தினால் 118ஐ எளிதிற் பெறலாம் என்றொரு கணிப்பு வெளிவந்த சிறிது காலத்துள், 118 கிடைத்துவிட்டதென அங்கிருந்து அறிவிப்பு வந்தது. ஜேர்மனியிலும் யப்பானிலும் மீண்டும் செய்து பார்த்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை. மூலத் தரவுகளை ஆராய்ந்தபோது அறிவிக்கப்பட்ட நிகழ்வுகள் அவற்றிற் காணப்படவில்லை. 2002இல் அவ்வறிவிப்பு மீளப்பெறப்பட்டது. எதிர்வுகூறல் ஆய்வாளனுக்கு விளக்காகவும் அமையும், கண்கட்டுத் துணியாகவும் அமையும். 1934இல் நேர்மையான அறிஞர்களை ஏமாற்றிய அதே ஆசை 1999இல் வேறு முகத்துடன் வந்தது.

இனி இரசாயன இயல்பிற்கு வருவோம். மெண்டலீவின் வழியே சென்றால் 112 இரசத்தின் கீழும், 114 ஈயத்தின் கீழும், 118 இரேடனின் கீழும் வருகின்றன. ஆகவே முறையே இரசம், ஈயம், சடத்துவ வாயு ஆகியவற்றை அவை ஒத்திருத்தல் வேண்டும். இவ்வெளிய விடையைக் குலைத்தது ஐன்சுடைனின் சார்புக் கொள்கை. பாரமான கருவினருகே சுழலும் இலத்திரன் மிகப் பெருவேகத்தில் இயங்குகின்றது. மிக உள்ளோட்டு இலத்திரனின் வேகம், ஒளியின் வேகத்தோடு ஒப்பிடுகையில், ஏறத்தாழ அணுவெண்ணை 137 ஆல் வகுத்தால் வரும் பங்காகும். ஐதரசனில் இது ஒரு பொருட்டன்று. பொன்னில், 79இல், அது 58 சதவீதம். ஒகனெசனில் 86 சதவீதம். வேகம் மிகும்போது இலத்திரன் பாரமானதுபோல் நடந்து கருவை நோக்கி ஒடுங்குகின்றது. அதனோடு சில வெளியோட்டு இலத்திரன்களும் ஒடுங்கி இறுகப் பிணிக்கப்படுகின்றன. வேறு சில, கருவின் ஏற்றம் நன்கு மறைக்கப்பட்டமையால், தளர்ந்து விரிகின்றன.

இதில் நகைமுரண் ஒன்றுண்டு. சார்புக் கொள்கையையும் குவாண்டம் கொள்கையையும் இணைத்து இலத்திரனுக்குச் சமன்பாடு வகுத்த டிராக், அச்சமன்பாட்டை வெளியிட்ட மறு ஆண்டாகிய 1929இல், சாதாரண இரசாயனத் தாக்கங்களைப் பொறுத்தவரை சார்பு விளைவுகள் முக்கியமற்றவை என எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வெண்ணமே நிலவிற்று. 1970களில் பின்லாந்தைச் சேர்ந்த பியூக்கோ முதலியோரின் கணிப்புகள் வந்த பின்னரே, பொன்னின் மஞ்சள் நிறத்திற்கும் இரசம் திரவமாயிருப்பதற்கும் சார்பு விளைவே காரணம் என்பது தெளிவாயிற்று. மோட்டார் வண்டியின் ஈய மின்கலம் ஒவ்வொன்றும் தரும் 2.1 வோல்ட்டில் ஏறத்தாழ 80 சதவீதம் சார்பு விளைவால் வருவதே என 2011இற் கணித்துக் காட்டினர். காலையில் பேருந்தை ஓட்டத் தொடங்கும் சாரதி ஐன்சுடைனுக்கு நன்றி கூற வேண்டும்.

அதிபார மூலகங்களின் இயல்பைக் கணிக்கும் முறை இதிலிருந்தே பிறந்தது. ஒவ்வோர் இலத்திரனும் ஏனைய இலத்திரன்கள் யாவும் சேர்ந்து உண்டாக்கும் சராசரிப் புலத்தில் இயங்குவதாகக் கொண்டு, விடை தன்னோடு தானே முரணாதவரை மீண்டும் மீண்டும் கணக்கிடுவது ஆட்றீ வகுத்த வழி. 1935இல் பேர்தா சுவேல்சு அம்மையார் அதனை டிராக்கின் சமன்பாட்டோடு இணைத்தார். கணக்கு மலைபோன்றது, கணனி வரும்வரை அது பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. 1971இல் பிரிக்கே, கிரைனர், வேபர் ஆகிய மூவரும் 172ஆம் மூலகம்வரை இலத்திரன் அமைப்பையும் எதிர்பார்க்கத்தக்க இயல்புகளையும் கணித்து வெளியிட்டனர். 1975இல் பிற்சர், 112உம் 114உம் உலோகங்களாக நடவாது சடத்துவ வாயுக்களைப்போல் அல்லது எளிதில் ஆவியாகும் திரவங்களைப்போல் நடத்தல் கூடும் என வாதித்தார். அப்போது இவ்விரு மூலகங்களின் ஓரணுவேனும் உண்டாக்கப்பட்டிருக்கவில்லை.

சோதித்துப் பார்க்கும் காலம் முப்பது ஆண்டுகளின் பின் வந்தது. ஆனால் ஓரணுவைக் கொண்டு என்ன சோதனை செய்யலாம்? கொதிநிலை என்பது ஒரு கூட்டத்தின் இயல்பு. தனியணுவுக்குக் கொதிநிலை இல்லை. ஊர்வலத்தின் ஆரவாரத்தை ஒருவனிடம் அளக்க முடியாததுபோல. ஆகவே ஆய்வாளர் வேறு வழி கண்டனர். பொன் பூசிய உணர்கருவிகளால் ஆன ஒடுங்கிய கால்வாயொன்றை அமைத்து, அதன் ஒரு நுனியை அறை வெப்பநிலையிலும் மறு நுனியைப் பூச்சியத்திற்குக் கீழே 180 பாகை அளவிலும் வைத்தனர். வாயுவோடு அடித்துச் செல்லப்படும் அணு, பொன்னோடு வலுவாகப் பிணையுமாயின் தொடக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இரசம் அவ்வாறே செய்கின்றது. சடத்துவ வாயுவாகிய இரேடன் குளிர் நுனிவரை சென்றே தங்குகின்றது. அதிபார அணு எவ்விடத்திற் சிதைவுற்று அல்பாத் துணிக்கையை வெளியிடுகின்றதோ அவ்விடத்து உணர்கருவி அதனைக் காட்டிக்கொடுக்கும். அணுவின் மரணமே அது தங்கிய இடத்திற்குச் சான்று.

ஏறத்தாழ நான்கு செக்கன் அரைவாழ்வுடைய 112ஆம் மூலகத்தின், அதாவது கோப்பனீசியத்தின், இரண்டு அணுக்களைக் கொண்டு சுவிற்சர்லாந்துக் குழுவினர் டுப்னாவில் நடாத்திய பரிசோதனையின் முடிவு 2007இல் வெளிவந்தது. அவை பொன்னோடு பிணைந்தன. ஆனால் இரசத்திலும் மிகத் தளர்வாகவே பிணைந்தன. பிற்சர் முழுமையாக வெல்லவில்லை, தோற்கவுமில்லை. கோப்பனீசியம் 10 பாகையளவில் உருகி 67 பாகையளவிற் கொதிக்கும் திரவமாயிருக்கும் என 2019இற் கணித்துள்ளனர். 114இன் வரலாறு இதனினும் குழப்பமானது. பிளெரோவியத்தின் மூன்று அணுக்களைக் கொண்டு 2010இல் வெளிவந்த முடிவு அதனைச் சடத்துவ வாயுவுக்கு அண்மையில் வைத்தது. இரண்டு அணுக்களைக் கொண்டு ஜேர்மனியின் டாம்சுதாற்றிலிருந்து 2014இல் வந்த முடிவு அதனை உலோகம் என்றது. மேலும் சில அணுக்களைச் சேர்த்து 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சில அறை வெப்பநிலையிலும் சில பூச்சியத்திற்குக் கீழே 100 பாகையளவிலும் தங்கின எனக் கண்டு, எளிதில் ஆவியாகும் உலோகங்களுள் அதுவே முதன்மையானது என முடிவு கூறினர். மூன்றணு ஒன்று சொல்ல, இரண்டணு மற்றொன்று சொல்லும் இந்நிலையில் ‘முடிவு’ என்னும் சொல்லை நாம் சற்று நிதானத்துடனேயே வாசித்தல் நன்று. மிகச் சில சாசனங்களைக் கொண்டு நிகழும் விவாதங்களிலும் இதே நிலையை வரலாற்று மாணவர் கண்டிருப்பர்.

கணிப்பு மிகத் துல்லியமாகப் பலித்த இடங்களும் உள. 103ஆம் மூலகமாகிய இலோறன்சியத்தின் முதல் இலத்திரனை அகற்றத் தேவையான சக்தியை 2015இல் யப்பானில், 27 செக்கன் அரைவாழ்வுடைய அணுக்களை ஒவ்வொன்றாகக் கையாண்டு, 4.96 இலத்திரன் வோல்ட்டு என அளந்தனர். சார்புக் கணிப்பும் ஏறத்தாழ அதே எண்ணையே தந்தது. 108ஆம் மூலகமாகிய ஆசியம், ஒசுமியத்தைப் போன்று எளிதில் ஆவியாகும் நாலொட்சைட்டை ஆக்கும் என்பதும் 2002இல் விரல்விட்டெண்ணத்தக்க சில மூலக்கூறுகளால் உறுதியாயிற்று.

ஒகனெசனைப் பொறுத்தவரை இவ்வாறான சோதனை எதுவும் இன்று இயலாது. கால்வாயைக் கடக்க அணுவுக்கு வேண்டிய நேரம் அதன் ஆயுளிலும் பன்மடங்கு நீண்டது. சடத்துவ வாயுக் கூட்டத்தில் எழுதப்பட்டிருந்தும் அது மேலதிக இலத்திரனொன்றைப் பற்றிக்கொள்ளும் என 1996இலேயே கணித்தனர்; 2018இல் வந்த கணிப்பு அதன் வெளி இலத்திரன்கள் ஓடுகளாகப் பிரிந்து நில்லாது ஏறத்தாழச் சீராகப் பரவிக்கிடக்கும் என்றது. இவையும் 52 பாகை என்னும் உருகுநிலையும், பொன்னையும் இரசத்தையும் சரியாக விளக்கிய அதே கணித முறையின் விளைவுகள் என்பதே அவற்றிற்குரிய பிணை. எமது நோக்கில் அப்பிணை பெறுமதியுடையது. எனினும் அதனை ஓர் அளவீட்டோடு ஒரே நிரலில் அச்சிடும் பாடநூல்கள் மாணவனுக்குத் தீங்கே செய்கின்றன. அணுவெண்ணையும் உருகுநிலையையும் ஒரே எழுத்தில், ஒரே உறுதியுடன் வாசிக்கும் மாணவன், ஒன்று கண்டறியப்பட்டது, மற்றையது கணிக்கப்பட்டது என்பதை எங்கிருந்து அறிவான்?

தீவினை இன்னும் எவரும் அடையவில்லை. கல்சியம்-48 கருவைப் பாரமூலகங்களின்மீது செலுத்தி 114 முதல் 118 வரை கண்ட டுப்னா முறையிற் கிடைத்த பிளெரோவியம்-289இல் 175 நியூத்திரன்களே உள; 184இற்கு ஒன்பது குறைவு. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ இரண்டு செக்கன். மில்லியன் ஆண்டுகளை எதிர்பார்த்தோருக்கு இது சிறிதெனத் தோன்றலாம். திரவத்துளிக் கொள்கையோடு ஒப்பிடுவோருக்கு இது மிகப் பெரிது. கல்சியத்தோடு சேர்க்கத்தக்க அதனிலும் பாரமான இலக்குப்பொருள் போதியளவு இல்லாமையால், இப்போது தைற்றேனியத்தையும் வனேடியத்தையும் செலுத்துகின்றனர். தைற்றேனியம்-50ஐக் கொண்டு 2024இல் பேர்க்லியில் 22 நாள்கள் உழைத்து 116இன் இரண்டு அணுக்களைப் பெற்றனர். யப்பானில் 2018 முதல் வனேடியத்தைக் கியூரியத்தின்மீது செலுத்தி 119ஐத் தேடத் தொடங்கினர்.

அந்த 119ஆம் மூலகத்திற்கும் இயல்பு எழுதப்பட்டாயிற்று. காரவுலோகக் கூட்டத்தில் சோடியம், பொற்றாசியம், உருபீடியம், சீசியம் எனக் கீழிறங்குந்தோறும் வெளி இலத்திரன் எளிதில் நீங்குகின்றது என்பது பாடசாலையிற் கற்ற விதி. பிரான்சியத்திலேயே அவ்விதி சற்றுத் திரும்புகின்றது. 119இல், சார்பு விளைவால் வெளி இலத்திரன் மிக ஒடுங்கி, அதனை நீக்கத் தேவையான சக்தி ஏறத்தாழ 4.8 இலத்திரன் வோல்ட்டாக உயரும் எனக் கணித்துள்ளனர். அதாவது, கூட்டத்தின் கடைசிப் பிள்ளை தனக்கு நேர்மூத்தவரை ஒத்திராது, பொற்றாசியத்திற்கும் சோடியத்திற்கும் இடையிற் போய் நிற்கும். மெண்டலீவ் இருந்திருந்தால் அதற்கு ஏகபிரான்சியம் என்றே பெயரிட்டிருப்பார். அயலவரைக் கொண்டு அதன் இயல்பைக் கணித்துப் பிழைத்துமிருப்பார்.